தூக்கிவிடுவதை ஏற்பாடு என்று சொல்லாதீர்கள்

ரயில்வே வாரியத் தலைவர், விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர், தமிழ்நாடு அரசின் போக்குவரத்துத் துறைச் செயலாளர் ஆகியோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். மூன்று துறைகளுக்கும் சேர்த்து ஒரே மடலாக இதை எழுதுகிறேன். சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர் திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் புறப்பட்டால், எழும்பூர் வரை மாநகரப் பேருந்து, அங்கிருந்து ரயில், இறங்கியபின் மறுபடி ஒரு டவுன் பஸ் என்று போவார். அவசரம் என்றால் தூத்துக்குடிக்கு விமானம் ஏறுவார். நிர்வாகங்கள் வெவ்வேறாக இருந்தாலும் பயணிக்கு அது ஒரே பயணம். சிறுவயதில் வந்த போலியோவுக்குப் பிறகு சக்கர நாற்காலியில் வாழ்பவன் நான். என் போன்றவர்களுக்கு இந்த வாசல்கள் எல்லாவற்றிலும் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: "நாலு பேர் பிடிங்க, தூக்கி ஏத்திடலாம்." இந்த மடல் அந்த ஒரு பதிலைப் பற்றியது.

அப்படிச் சொல்பவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. போர்ட்டர்கள், நடத்துநர்கள், முன்பின் தெரியாத சக பயணிகள், டீக்கடையில் நின்றிருந்த இளைஞர்கள் என்று எத்தனையோ பேர் எனக்குக் கைகொடுத்திருக்கிறார்கள். அவர்கள் இல்லையென்றால் நான் படித்திருக்கவும் முடியாது, வேலைக்குப் போயிருக்கவும் முடியாது. என் வருத்தமெல்லாம் உங்கள் துறைகள் மீதுதான். அந்த மனிதர்களின் நல்ல மனத்தை நீங்கள் ஓர் ஏற்பாடாகவே எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். உயரமான படிகள் வைத்த பேருந்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போதும், நாற்காலி நுழையாத ரயில் பெட்டிக்கு வரைபடம் போடும்போதும், யாராவது வந்து தூக்கிவிடுவார்கள் என்ற எண்ணம் எழுதப்படாத ஒரு நிபந்தனையாக அந்தக் காகிதங்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

தூக்கப்படுவது எப்படி இருக்கும் என்பதை, அதை அனுபவித்திராதவர்களுக்காக ஒருமுறை விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பின்னால் நின்று அக்குளுக்குள் கைவிட்டுப் பிடிப்பார், இன்னொருவர் முழங்காலுக்குக் கீழே பிடிப்பார். இருவரும் ஒரே நொடியில் தூக்குவதில்லை. பின்னால் இருப்பவர் முந்திக்கொண்டால் தோள்மூட்டு இழுபடும். உணர்ச்சியற்ற கால் படியின் இரும்பு விளிம்பில் உரசிக்கொண்டே போவது தூக்குகிறவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து உடை மாற்றும்போதுதான் ரத்தம் கண்ணில் படும். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு அப்படி வருகிற ஒரு புண் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். சிறுநீர்க் குழாயும் பையும் பொருத்திக்கொண்டிருப்பவர்கள் அது எங்கே பிடுங்கிக்கொண்டு வந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். எலும்பு எளிதில் முறியும் நோயுள்ளவர்களை இப்படித் தூக்கவே கூடாது. தூக்குகிறவருக்கும் இதில் பாதுகாப்பு இல்லை. எழுபது கிலோ மனிதரைக் குறுகலான வாசலில் வளைந்து நின்று தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பெண்களுக்கு இதைவிடக் கொடுமை. உதவி என்று நீளும் கை எங்கே படுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் வண்டி கிளம்பிவிடும், உடமைகள் உள்ளே போய்விட்டன, உதவ வந்தவரைக் குற்றம் சொன்னால் அடுத்த முறை ஒருவரும் வர மாட்டார்கள் என்ற நிலையில் வாயைத் திறக்க முடியாது. ரயிலில் ஏற்றிவிடும்போது சுமைதூக்குவோரால் தனக்கு நேர்ந்த சீண்டலை, சக்கர நாற்காலியில் வாழும் உரிமைச் செயற்பாட்டாளர் விராலி மோடி 2017-இல் வெளிப்படையாகச் சொல்லி, ரயில்களை மாற்றியமைக்கக் கோரி இணைய மனு தொடங்கியபோது நாடு முழுவதும் பெருந்திரளானோர் அதில் கையெழுத்திட்டார்கள். அவர் சொன்னதைக் கேட்டு அதிர்ச்சியடைந்தவர்கள் பலர். மாற்றுத்திறனாளிப் பெண்களில் அதிர்ச்சியடைந்தவர் ஒருவரையும் நான் அறியேன்.

முதலில் பேருந்தை எடுத்துக்கொள்கிறேன். நகரப் பேருந்துகளில் சாதாரண வகையின் தளம் சாலையிலிருந்து 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். பாதித் தாழ்தளம் 650, தாழ்தளம் 400. நடைபாதையின் விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது சாலை வடிவமைப்பு நெறி. ஆக, சாதாரணப் பேருந்து நடைபாதையை ஒட்டியே வந்து நின்றாலும் முக்கால் மீட்டர் உயரம் மிச்சம் இருக்கிறது; அதைத் தூக்கித்தான் கடக்க வேண்டும். தாழ்தளப் பேருந்து ஒட்டி நின்றால் மிஞ்சுவது சுமார் ஒரு சாண் உயரம். ஒரு மடக்குப் பலகையை விரித்தால் போதும், நாற்காலி தானாக உள்ளே போய்விடும். ஒருவர் என் உடம்பைத் தொட வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்வது இந்த அரை மீட்டர் வித்தியாசம்தான்.

அந்த அரை மீட்டருக்காகச் சென்னையில் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் செயற்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயகுமார் தொடர்ந்த வழக்கில், அணுகல் வசதி இல்லாத புதிய பேருந்துகளை வாங்குவதற்கு சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடை விதித்தது. எல்லாப் பேருந்துகளையும் தாழ்தளமாக வாங்குவதற்குச் சாலைகளின் நிலை இடம் தராது என்று போக்குவரத்துக் கழகம் வாதிட்டது. இறுதியில் 2023-இல் ஒரு பங்கை மட்டும் தாழ்தளமாக வாங்க அனுமதி கிடைத்தது. 2024 ஆகஸ்ட்டில் முதல் தொகுதிப் பேருந்துகள் வந்தன. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. இவற்றை நான் மனமார வரவேற்கிறேன். யாரையும் கூப்பிடாமல் பேருந்தில் ஏறி, ஜன்னலோரம் நாற்காலியை நிறுத்திக்கொண்டு, டிக்கெட் கேட்டு வரும் நடத்துநரிடம் அட்டையைக் காட்டுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அன்றாடம் அப்படிப் போகிறவர்களுக்கு விளக்குவது கடினம்.

ஆனால் பேருந்து எங்கே நிற்கிறது? நிறுத்தத்தின் முன்னால் ஆட்டோக்களும் இருசக்கர வாகனங்களும் நிற்கும்போது ஓட்டுநர் இரண்டு தடம் தள்ளித்தான் நிறுத்த முடிகிறது. அப்போது பலகை நடைபாதையில் விழாமல் சாலையில் விழுகிறது. ஒரு சாணாக இருந்திருக்க வேண்டிய ஏற்றம் 400 மில்லிமீட்டராகி, குட்டையான பலகையில் செங்குத்தாக நிற்கிறது. அதில் ஏறுவதற்கு முன் நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்க வேண்டும். இறங்கச் சரிவு கிடையாது. பின்னால் நிற்கும் வாகனங்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கும். உடனே பழைய பதில் திரும்ப வருகிறது: "பிடிங்க, தூக்கிடலாம்." கோடி ரூபாய்க் கணக்கில் வாங்கிய பேருந்தின் பயனைச் சில அடி தூரம் கெடுத்துவிடுகிறது. நிறுத்தம் மாநகராட்சியுடையது, ஆக்கிரமிப்பைப் பார்ப்பது காவல்துறை, பேருந்து மட்டும்தான் எங்களுடையது என்று போக்குவரத்துத் துறை சொல்லலாம். சக்கர நாற்காலிப் பயணி ஏற முடியாமல் போன நிறுத்தங்களை நடத்துநர்களிடமிருந்து பதிவு செய்து, மாதந்தோறும் அந்தப் பட்டியலை மற்ற இரு துறைகளுக்கும் அனுப்பிப் பொதுவிலும் வெளியிட உங்களால் முடியும். அதைச் செய்யுங்கள்.

சென்னைக்கு வெளியே பெரும்பாலான ஊர்களில் இந்தத் தொடக்கம்கூட இல்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடன் வருபவர்களும் 2021 முதல் கட்டணமின்றிப் போகலாம். வெளியூர்ப் பேருந்துகளில் கால் பங்குக் கட்டணம் செலுத்தினால் போதும். நல்ல நோக்கத்தில் வந்த சலுகைகள்தான். பார்வையற்றவர்களும் ஊன்றுகோலுடன் ஏறக்கூடியவர்களும் இவற்றால் பயன்பெறுகிறார்கள். படி ஏற முடியாதவருக்கோ அந்தச் சலுகை கைக்கு எட்டுவதே இல்லை. அவர் முழுக் கட்டணத்துக்கு ஆட்டோவோ வாடகைக் காரோ பிடிக்கிறார், அல்லது போகாமல் இருந்துவிடுகிறார். 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் லிஃப்டும் சாய்தளமும் உண்டு. அந்த முனையத்தின் கடைசி அங்குலம் வரை நாற்காலியில் போகிறவர், அங்கே நிற்கும் நெடுந்தூரப் பேருந்தின் படிக்கட்டைப் பார்த்து நின்றுவிடுகிறார்.

ரயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. சாதாரணக் குடும்பங்களுக்குத் தொலைதூரப் பயணம் என்றாலே அதுதான். உங்கள் துறையின் அளவுகளின்படி உயர்மட்ட நடைமேடை தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் வரை உயரம் கொண்டது. தாழ்மட்ட நடைமேடை 455 மில்லிமீட்டர்தான். பெட்டியின் தளமோ 1,250 மில்லிமீட்டருக்கு மேலே இருக்கிறது. அதாவது, விதிப்படி மிகச் சரியாகக் கட்டப்பட்ட உயர்மட்ட நடைமேடையில், ஒரு தவறும் நேராத நாளில்கூட, 400 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட உயரம் மிச்சம் இருக்கிறது. அதைப் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற நெறிப்படியான சரிவில் கடப்பதென்றால் ஐந்து மீட்டர் நீளப் பலகை வேண்டும். தூக்குவது இங்கே எப்போதாவது நேரும் ஒரு சமாளிப்பு என்று சொல்ல முடியாது. உங்கள் அளவுகளே அதைக் கட்டாயமாக்கி வைத்திருக்கின்றன.

மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பெட்டி இருக்கிறதே என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான், கார்டு பெட்டியை ஒட்டி, அகலமான கதவும் பெரிய கழிவறையுமாக ஓர் அறை பல வண்டிகளில் இருக்கிறது. அது வண்டியின் கோடியில் இருக்கிறது. 22 பெட்டிகள் கொண்ட வண்டியின் நீளம் அரை கிலோமீட்டருக்கு மேல்; நடைமேடையின் அந்தக் கோடியில் கூரை இருக்காது, வெளிச்சம் குறைவு, கைகொடுக்க ஆள் இருக்காது. எந்தக் கோடியில் வரும் என்பது முன்கூட்டித் தெரியாமல் தவறான பக்கம் காத்திருந்தவர், இரண்டு நிமிடம் மட்டுமே வண்டி நிற்கும் நிலையத்தில் மறுகோடிக்கு எப்படிப் போய்ச் சேர்வார்? போய்ச் சேர்ந்தாலும் உள்ளே ஏற்கெனவே வேறு பயணிகள் நிறைந்திருப்பார்கள், அல்லது கதவு உள்ளிருந்து தாழிடப்பட்டிருக்கும். அந்த அறை பெரும்பாலும் முன்பதிவு இல்லாதது. இன்னொரு புறம், படுக்கை வசதிப் பெட்டிகளில் எங்களுக்காக நான்கு இடங்களை, கீழே இரண்டும் நடுவில் இரண்டுமாக, 2023-இல் ஒதுக்கியிருக்கிறீர்கள். அந்தப் பெட்டியின் நடைவழியிலும் கழிவறையிலும் சக்கர நாற்காலி நுழையாது. ஆக, என்னால் நுழையக்கூடிய அறையில் எனக்கென்று உறுதியான இடம் இல்லை. உறுதியான இடம் உள்ள பெட்டியில் தூக்கப்படாமல் நுழைய முடியாது.

கழிவறையைப் பற்றி எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதியாக வேண்டும். எனக்குத் தெரிந்த சக்கர நாற்காலிப் பயணிகளில் பெரும்பாலோர் ரயில் ஏறுவதற்கு முந்தைய நாள் மதியத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். இரவு முழுவதும் படுக்கையை விட்டு நகர முடியாது என்பதால் பெரியவர்களுக்கான டயப்பரைக் கட்டிக்கொண்டு ஏறும் பெண்கள் உண்டு. ஊர் போய்ச் சேர்ந்ததும் சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து வாங்குவது பயணச் செலவில் ஒரு பகுதி. இந்தச் செலவை எந்தக் கட்டணச் சலுகையும் ஈடுகட்டாது.

இதைச் சரிசெய்யும் திறமை உங்கள் துறையிடம் இல்லாமல் இல்லை. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டி ஆலையில் 2018-இல் உருவான முதல் வந்தே பாரத் வண்டியிலேயே தானியங்கிக் கதவும் சக்கர நாற்காலிக்கான இடமும் வந்துவிட்டன. அதைச் செய்த பொறியாளர்களுக்கு, சாதாரண விரைவு வண்டியின் ஒரு படுக்கைப் பெட்டியில் அகலக் கதவும், நாற்காலி திரும்ப இடமும், நுழையக்கூடிய கழிவறையும் அமைப்பது இயலாத காரியமா? வண்டிக்கு ஒரு பெட்டி, அதுவும் வண்டியின் நடுவில், முன்பதிவுடன். எங்கள் தேவை அவ்வளவே. எல்லா நடைமேடைகளையும் பெட்டித் தளம் வரை உயர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை. பலவகை வண்டிகள் ஓடும் பாதையில் அது எளிதல்ல என்பதை அறிவேன். கையால் சுழற்றி உயர்த்தும் சிறு மேடைத் தூக்கி பல நாடுகளின் நிலையங்களில் பயன்பாட்டில் இருக்கிறது. மின்சாரம்கூடத் தேவையில்லை, ஓர் ஊழியர் தள்ளிவந்து இயக்கலாம். இயந்திரம் என்னை நாற்காலியோடு உயர்த்தட்டும். மனிதர்கள் என் அக்குளைப் பிடித்து உயர்த்த வேண்டாம்.

2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோவில் நான் தனியாகப் போகிறேன், தனியாக வருகிறேன். நடைமேடையும் பெட்டியும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். அதே ஊர், அதே மக்கள், அதே நெரிசல். தொடக்கத்திலேயே அப்படிக் கட்ட முடிவு செய்ததைத் தவிர அங்கே வேறெந்த அதிசயமும் நடந்துவிடவில்லை.

இனி விமானம். காகிதத்தில் பார்த்தால் மூன்று துறைகளில் மிகத் தெளிவான விதிகள் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துடையவைதான். ஊனத்தைக் காரணம் காட்டிப் பயணத்தை மறுக்கக்கூடாது, உதவிக்குத் தனிக் கட்டணம் வாங்கக்கூடாது என்றெல்லாம் அவற்றில் இருக்கிறது. இருந்தும், 2012 பிப்ரவரி 19 அன்று கொல்கத்தாவில், மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷ் தன் இருக்கையில் அமர்ந்தபிறகு இறக்கிவிடப்பட்டார். மாற்றுத்திறனாளிகள் தொடர்பான மாநாட்டுக்காகவே அவர் கோவாவுக்குப் புறப்பட்டிருந்தார். அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் 2016 மே மாதம் உத்தரவிட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2022 மே மாதம் ராஞ்சியில் ஒரு மாற்றுத்திறனாளிச் சிறுவன் பதற்றமாக இருந்தான் என்று விமானத்தில் ஏற்ற மறுக்கப்பட்டான். அந்த நிறுவனத்துக்கு நீங்கள் 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தீர்கள். மருத்துவர் ஒருவரின் கருத்து இல்லாமல் இப்படி மறுக்கக்கூடாது என்று அதே ஆண்டு ஜூலையில் விதியையும் திருத்தினீர்கள். 2024 பிப்ரவரியில் மும்பையில், சக்கர நாற்காலி போதாமையால் மனைவிக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு நடந்த 80 வயது முதியவர் நிலைகுலைந்து விழுந்து இறந்தார். அதற்கு 30 லட்சம் ரூபாய் அபராதம். ஒவ்வொரு முறையும் நடவடிக்கை எடுத்தீர்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் உயிரோ மானமோ போய், அது செய்தியாகி, அதன்பிறகே விதி விழித்துக்கொள்வது எங்களுக்குப் போதாது.

நாள்தோறும் நடப்பவை செய்தியாவதில்லை. ஒருமுறை ஒரு விமான நிறுவனத்தின் முகப்பில் என் மின்கல நாற்காலியைச் சுற்றி நாலைந்து ஊழியர்கள் நின்றார்கள். கழற்றி எடுக்கக்கூடிய லித்தியம் மின்கலம் 300 வாட்-மணி வரை இருந்தால், அதை நாற்காலியிலிருந்து கழற்றிப் பயணியே கையோடு விமானத்துக்குள் கொண்டுபோகலாம் என்பது உலகெங்கும் நடைமுறையில் உள்ள விதி. என் மின்கலம் அதற்குள்தான் வரும். தயாரிப்பாளரின் தாளும் கையில் இருந்தது, முன்கூட்டியே தகவலும் கொடுத்திருந்தேன். "சார், இதெல்லாம் எங்களுக்குப் புதுசு, மேலே கேட்டுச் சொல்றோம்" என்றார் அவர்களில் ஒரு பெண். மேலே கேட்டு முடிப்பதற்குள் எனக்குப் பின்னால் இருந்த வரிசை முழுவதும் கரைந்துவிட்டது. வந்தவர் மின்கலத்தோடு நிற்காமல், இயக்குப்பிடியின் (ஜாய்ஸ்டிக்) வயரையும் இணைப்பைப் பார்க்காமல் இழுத்தார். இறங்கிய ஊரில் நாற்காலி வந்தபோது இயக்குப்பிடி வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு நாட்கள் எங்கேயும் போக முடியாமல் உறவினர் வீட்டுக் கட்டிலில் கிடந்தேன். உள்நாட்டு விமானத்தில் உடமைகள் சேதமானால் இழப்பீட்டின் உச்சவரம்பு 20,000 ரூபாய். ஒரு மின்கல நாற்காலியின் விலை லட்சங்களைத் தொடும். அதைப் பெட்டி, பைகளோடு சேர்த்து எடைபோடுவது நியாயமில்லை. அது உடைந்தால் என் கால் உடைந்ததாகத்தான் கணக்கு.

சொந்த நாற்காலியை முகப்பிலேயே வாங்கிக்கொண்டு நிலையத்தின் நாற்காலியில் உட்கார வைப்பதும் இதே வகைதான். அந்த நாற்காலிகளின் சக்கரங்கள் சிறியவை, உட்கார்ந்திருப்பவரால் உருட்ட முடியாது. ஊழியர் ஒரு தூணோரம் நிறுத்திவிட்டு "இதோ வரேன்" என்று அடுத்தவரை அழைத்துவரப் போய்விட்டால், தண்ணீர் குடிக்கவோ கழிவறைக்குப் போகவோ அவர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஊழியரும் பாவம், ஒரே நேரத்தில் மூன்று பேரைக் கவனிக்கச் சொல்லியிருப்பார்கள். நாற்காலி தட்டுப்பாட்டுக்கு, நடக்கக்கூடியவர்கள் வரிசையைத் தவிர்க்க அதைக் கேட்பதே காரணம் என்று இப்போதெல்லாம் நிறையப் பேசப்படுகிறது. இருக்கலாம். ஆனால் படி ஏற முடியும், நீண்ட தூரம்தான் நடக்க முடியாது என்பவருக்கு ஒரு குறியீடு, படி ஏற முடியாதவருக்கு ஒன்று, இருக்கை வரை கொண்டுபோக வேண்டியவருக்கு இன்னொன்று என்று விமானத் துறையில் ஏற்கெனவே வகைப்பாடு இருக்கிறது. அந்தக் குறியீட்டைப் படித்து அதற்கேற்ப ஆளையும் கருவியையும் அனுப்பினாலே பாதிக் குழப்பம் தீரும். சந்தேகத்தைத் தீர்ப்பதற்கு எங்களை எழுந்து நிற்கச் சொல்லிச் சோதிப்பது வழியாகாது.

ஏடிஆர் போன்ற சிறு விமானங்கள் வந்துபோகும் நிலையங்கள் பலவற்றில் இணைப்புப் பாலம் இல்லை. விமானத்தின் படிக்கட்டில்தான் ஏற வேண்டும். நாற்காலியோடு விமான வாசல் வரை உயர்த்தும் தூக்கி வாகனம் இல்லையென்றால், அல்லது பழுதாகியிருந்தால், குறுகிய நாற்காலியில் கட்டி இருவர் சுமந்து ஏறுவார்கள். மழைக்காலத்தில் ஈரப்படிக்கட்டில் அப்படிச் சுமக்கப்படும்போது கண்ணை மூடிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. உதவிக்கான பொறுப்பு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2008 முதல் விமான நிலைய நிர்வாகத்திடம் இருக்கிறது. செலவை எல்லா நிறுவனங்களும் பகிர்ந்துகொள்கின்றன. இங்கே தூக்கி வாகனம் யாருடையது, வாடகையை யார் தருவது என்று நிறுவனமும் நிலையமும் பேசிக்கொண்டிருக்கும்போது, மற்ற எல்லாரும் இறங்கிவிட்ட விமானத்தில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

பாதுகாப்புச் சோதனையில் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்லும் வழக்கத்தை நடிகையும் நடனக் கலைஞருமான சுதா சந்திரன் 2021-இல் காணொளியில் பிரதமரிடமே முறையிட்டார். 1981-இல் திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்துக்குப் பின் காலை இழந்து, செயற்கைக் காலுடன் மேடையேறியவர் அவர். விமான நிலையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்தியப் படை வருத்தம் தெரிவித்தது. அவரைப் போல் அறிமுகமில்லாதவர்களிடம் யார் வருத்தம் தெரிவிப்பார்கள்?

இதுவரை பெரும்பாலும் என் உடலை வைத்தே பேசிவிட்டேன். பார்வையற்றவர் நிறுத்தத்தில் நின்றுகொண்டு வருகிற ஒவ்வொரு பேருந்துக்கும் "இது எந்த நம்பர் சார்?" என்று கேட்க வேண்டியிருக்கிறது, வெளிப்புற ஒலிபெருக்கி ஒன்று எண்ணையும் ஊரையும் சொன்னால் அந்தக் கேள்வியே தேவைப்படாது. நடைமேடை மாற்றத்தை ஒலிபெருக்கியில் மட்டும் அறிவித்தால் காது கேளாதவருக்கு வண்டி போனபிறகுதான் செய்தி தெரியும். அவர்களும் அடுத்தவரின் தயவில் பயணம் செய்பவர்களே. அவர்களைத் தூக்கவில்லை என்பதுதான் வேறுபாடு.

"எத்தனை பேர் வரப் போகிறார்கள்?" என்று செலவைக் காட்டிக் கேட்பது உங்கள் அலுவலகங்களில் வழக்கம். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள், தமிழ்நாட்டில் 11.79 லட்சம் பேர். பேருந்திலும் ரயிலிலும் எங்களைக் காணவில்லை என்றால், ஏற முடியாததால் காணவில்லை. முழங்கால் தேய்ந்த முதியவர்கள், நிறைமாதப் பெண்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள் எல்லாரும் அதே படிக்கட்டில் திணறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 41-ஆம் பிரிவு, எல்லாவகைப் போக்குவரத்தும் எங்களால் பயன்படுத்தத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. தொழில்நுட்பம் இடம்தரும் இடங்களில் பழைய வாகனங்களையும் மாற்றியமைக்கச் சொல்கிறது. ஆனால் 2017-இல் வந்த விதிகள் அணுகல் அளவுகளை வெறும் பரிந்துரையாக வைத்திருந்தன. ராஜீவ் ரதூரி என்பவர் தொடர்ந்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கே முரணானது என்று கூறி, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய குறைந்தபட்ச விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்த வழக்கு தொடரப்பட்டது 2005-இல். அந்த மூன்று மாதங்களும் 2025 பிப்ரவரியோடு முடிந்துவிட்டன. சட்டத்தை முதல்முறை மீறினால் அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய்தான் என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்தத் தொகைக்குப் பயந்து யாரும் படிக்கட்டை மாற்றப் போவதில்லை. ஆகவேதான் உங்களிடம் நேராகக் கேட்கிறேன்.

இன்று வாங்கப்படும் ஒரு பேருந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஓடும். ஒரு ரயில் பெட்டி கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடும். அணுக முடியாத ஒவ்வொரு புதிய வாகனமும் அத்தனை ஆண்டுகளுக்கு எங்களைத் தூக்க வைக்கும் முடிவாகும். எனவே பழையவற்றை மாற்றுவதைவிட அவசரமானது, இனி வெளியிடும் ஒப்பந்தப்புள்ளி ஒவ்வொன்றிலும் தூக்கப்படாமல் ஏறும் வசதியைத் தள்ளுபடி செய்ய முடியாத நிபந்தனையாக எழுதுவது. நெடுந்தூரப் பேருந்துகளில் தாழ்தளம் இயலாது என்றால் வாசலில் மின்தூக்கி வையுங்கள். படுக்கை வசதிப் பெட்டியின் வரைபடத்தை, உற்பத்திக்கு அனுப்புமுன், சக்கர நாற்காலியில் வாழ்பவர்களை வரவழைத்து மாதிரியில் ஏற்றிப் பாருங்கள். விமான நிலையங்களில் உதவிக்கான பொறுப்பை ஒரே அமைப்பிடம் கொடுங்கள். நாற்காலி உடைந்தால் புதிது வாங்கும் விலையை இழப்பீடாக்குங்கள், அது பழுதுபார்க்கப்படும்வரை மாற்று நாற்காலி தருவதையும் விதியாக்குங்கள்.

இவையெல்லாம் நடைமுறைக்கு வரும்வரை தூக்க வேண்டிய நிலை இருக்கத்தான் செய்யும் என்பதால், அதுவரைக்குமாக ஒன்று கேட்கிறேன். தூக்குபவர்களுக்கு முறையான பயிற்சி கொடுங்கள், பெண் பயணிகளுக்குப் பெண் ஊழியர்களை அமர்த்துங்கள், எங்கே பிடிக்கலாம் என்று பயணியிடம் கேட்டபிறகே கையை வைக்க வேண்டும் என்பதை எழுத்தில் ஆணையாக வெளியிடுங்கள். அத்துடன், ஒரு பயணியைத் தூக்கி ஏற்ற வேண்டியிருந்த ஒவ்வொரு நிகழ்வையும், இடம், நேரம், காரணம் ஆகியவற்றோடு மூன்று துறைகளும் குறைபாடாகவே பதிவு செய்து, அந்த எண்ணிக்கையைக் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். முதல் காலாண்டின் பட்டியல் எந்தத் தேதியில் வெளிவரும் என்று எனக்குத் தனியே எழுத வேண்டாம். எல்லாரும் பார்க்கும்படி அறிவியுங்கள்.

இப்படிக்கு,
சக்கர நாற்காலியில் பயணம் செய்யும் ஒரு குடிமகன்